கடிகாரத்தைத் திருத்தாதே, வித்தியாசத்தை எழுதி வை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை நீக்கி, கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த எபிசோடை உங்கள்ல நிறைய பேர் ப்ளூடூத் இயர்பட்ஸ் மாட்டிக்கிட்டுத்தான் கேட்டுக்கிட்டு இருப்பீங்க. அந்த ரெண்டு பட்ஸைப் பத்தி ஒரு நிமிஷம் யோசிங்க. இடது காதுல இருக்கிறது ஒரு தனி குட்டி கம்ப்யூட்டர். வலது காதுல இருக்கிறது இன்னொண்ணு. நடுவுல ஒயர் கிடையாது. ரெண்டுக்குள்ளயும் தனித்தனியா ஒரு கடிகாரம் ஓடுது. அந்த ரெண்டு கடிகாரமும் ஒரே வேகத்துல ஓடாது. விலை அதிகமான பட்ஸ் வாங்கினாலும் இதுதான் நிலைமை.

எவ்வளவு வித்தியாசம் வரும்? ஒண்ணு பத்து லட்சத்துக்கு 20 பங்கு வேகமாவும், இன்னொண்ணு பத்து லட்சத்துக்கு 20 பங்கு மெதுவாவும் ஓடுதுன்னு வச்சுக்கோங்க. மொத்தம் 40 பங்கு. 4 நிமிஷப் பாட்டு முடியும்போது ரெண்டும் 9.6 மில்லிநொடி விலகி நிக்கும். அவ்வளவுதானேன்னு தோணும். ஆனா ஒரு சத்தம் எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு நம்ம மூளை கண்டுபிடிக்கிற வழிகள்ல முக்கியமான ஒண்ணு, அது ரெண்டு காதுக்கும் வந்து சேர்ற நேர வித்தியாசம். தலையோட அகலத்தை வச்சுப் பார்த்தா அந்த வித்தியாசம் அதிகபட்சமே சுமார் 0.7 மில்லிநொடிதான். அதாவது யாரும் கவனிக்காம விட்டா, பாட்டு ஆரம்பிச்சு 18 நொடிக்குள்ள பாடகர் நடுவுல இருந்து நகர்ந்து ஒரு காது ஓரத்துக்குப் போயிடுவார்.

அப்படி நடக்கிறதில்லை. யாரோ கவனிச்சுக்கிட்டே இருக்காங்க. எப்படிங்கறதுதான் இன்னிக்கு விஷயம்: ஒயர் இல்லாத நெட்வொர்க்ல, ஆளுக்கொரு கடிகாரம் வச்சிருக்கிற கருவிகள் எல்லாம் ஒரே நேரத்தை எப்படிப் பேசுது?

முதல்ல ஒரு தவறான நினைப்பை எடுத்துடலாம். கடிகாரங்களை ஒத்திசைக்கிறதுன்னா எல்லாக் கடிகாரத்தையும் திருப்பித் திருப்பி ஒரே நேரத்துல வைக்கிறதுன்னு நாம நினைக்கிறோம். நல்ல சிஸ்டங்கள் பெரும்பாலும் அதைச் செய்றதில்லை. நம்ம ஊர் வீடுகள்ல ஹால் கடிகாரத்தை 10 நிமிஷம் ஃபாஸ்ட்டா வச்சிருப்பாங்க இல்லையா? அந்தக் கடிகாரம் தப்பு. ஆனா வீட்ல எல்லாருக்கும் அது எவ்வளவு தப்புன்னு தெரியும். 8:40 காட்டினா 8:30ன்னு மனசுலயே கழிச்சுக்குவாங்க. பஸ் தவறாது. தப்பா இருக்கிறது பிரச்சினை இல்லை. எவ்வளவு தப்புன்னு தெரியாம இருக்கிறதுதான் பிரச்சினை. இந்த எபிசோட் முழுக்க இந்த ஒரு வரிதான். ஒரு எரிமலையோட தரவைக் காப்பாத்தினதும் இதுதான். அங்க போறதுக்கு முன்னாடி கொஞ்சம் அடிப்படை.

கடிகாரம் ஏன் விலகுது?

உங்க கைக்கடிகாரம், ஸ்மார்ட் பல்ப் மாதிரி பல கருவிகளுக்குள்ள ஒரு குட்டி குவார்ட்ஸ் துண்டு இருக்கும். மின்சாரம் கொடுத்தா அதிரும். ரொம்பப் பரவலா பயன்படுறது ஒரு நொடிக்கு 32,768 முறை அதிர்ற வகை. ஏன் அந்த எண்? அது 2இன் 15ஆவது அடுக்கு. 15 முறை பாதியாக்கினா நொடிக்கு ஒரு துடிப்பு கிடைச்சிடும். எலக்ட்ரானிக்ஸ்ல பாதியாக்குறது ரொம்ப எளிது.

தொழிற்சாலையில வெட்டும்போதே ஒவ்வொரு துண்டும் கொஞ்சம் மாறும். சாதாரணமா பத்து லட்சத்துக்கு 20 பங்கு வரை முன்னபின்ன இருக்கும்னு டேட்டாஷீட்ல போட்டிருப்பாங்க. பிபிஎம்னு சொல்றது இதைத்தான். 20 பிபிஎம்னா ஒரு நாளைக்கு 1.7 நொடி. இது பிறவிக் குணம், கிட்டத்தட்ட மாறாது.

இதுக்கு மேல வெப்பநிலை வருது. இந்த வகை கிரிஸ்டல் 25 டிகிரி செல்சியஸ் பக்கத்துலதான் சரியா ஓடும். அதுல இருந்து சூடானாலும் மெதுவாகும், குளிர்ந்தாலும் மெதுவாகும். அதுவும் விலகலோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி. மொட்டைமாடியில வெயில்ல வச்ச ஒரு சென்சார் 45 டிகிரிக்குப் போனா, சுமார் 14 பிபிஎம் கூடுதலா மெதுவாகும். சாயங்காலம் காத்து வந்ததும் பழைய வேகத்துக்குத் திரும்பும்.

ஆக ரெண்டு கடிகாரத்துக்கு நடுவுல ரெண்டு வகை வித்தியாசம் இருக்கு. ஒண்ணு, இந்த நொடியில எவ்வளவு தள்ளி நிக்குது. இதை ஆஃப்செட்னு சொல்வாங்க. இன்னொண்ணு, அந்த இடைவெளி எவ்வளவு வேகத்துல வளருது. இது டிரிஃப்ட். ஒரு தடவை நேரத்தைச் சரி பண்ணினா ஆஃப்செட் போயிடும். டிரிஃப்ட் போகாது. அடுத்த நொடியே மறுபடி விலக ஆரம்பிச்சிடும்.

அப்போ அடிக்கடி திருத்தினா என்ன?

நியாயமான கேள்வி. கடிகாரத்தைத் திருப்பி வைக்கும்போது என்ன ஆகும்னு பாருங்க. ஒரு சென்சார் 10:00:05க்கு ஒரு அதிர்வைப் பதிவு பண்ணுது. உடனே ஒரு மெசேஜ் வந்து, 'நீ 3 நொடி முன்னாடி ஓடுற, திருத்திக்கோ'ன்னு சொல்லுது. கடிகாரம் 10:00:02க்குப் போகுது. அடுத்த அதிர்வு 10:00:04க்குப் பதிவாகுது. இப்போ ரெண்டாவதா வந்தது, முதல்ல வந்ததுக்கு முன்னாடியே நடந்த மாதிரி தெரியும். ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு நேரம்னு கழிச்சுப் பார்த்தா மைனஸ் ஒரு நொடி.

சர்வர் லாக் படிச்சவங்களுக்கு இந்த வலி தெரியும். ரிப்ளை ஒரு நேரம் காட்டும், ரிக்வெஸ்ட் அதுக்கு அப்புறமான நேரம் காட்டும். அதனாலதான் ஆபரேட்டிங் சிஸ்டம்கள்ல மோனோடோனிக் கிளாக்னு தனியா ஒண்ணு வச்சிருக்காங்க. மணி என்னன்னு அதுக்குத் தெரியாது. முன்னாடி மட்டும் போகும், பின்னாடி வராது. இடைவெளி அளக்கணும்னா அதைத்தான் எடுக்கணும்.

திருத்துறதுல இன்னொரு நஷ்டம்: வரலாறு அழிஞ்சிடும். நேத்து எவ்வளவு தள்ளி இருந்தது, இன்னிக்கு எவ்வளவுங்கற தகவல் இருந்தாதான் டிரிஃப்ட்டைக் கணக்குப் போட முடியும். ஒவ்வொரு தடவையும் முள்ளைத் திருப்பி வச்சு, எவ்வளவு திருப்பினோம்னு எழுதாம விட்டா, அந்தத் தகவலை நாமளே குப்பையில போடுறோம்.

நேரம் கேட்கிறது அவ்வளவு சுலபம் இல்லை

சரி, வித்தியாசத்தையாவது எப்படிக் கண்டுபிடிக்கிறது? பக்கத்துல இருக்கிறவன்கிட்ட 'மணி என்ன?'ன்னு கேட்கணும். ஆனா பதில் வந்து சேர்றதுக்குள்ள அது பழசாகிடும்.

இன்டர்நெட்ல இதுக்கு இருக்கிற வழி என்டிபி. அமெரிக்காவில் டேவிட் மில்ஸ் வடிவமைத்தது. 1985ல அதோட முதல் ஆவணம் வந்தது. யோசனை எளிமையானது. ஒரு எண் போட்டுப் பார்ப்போம். அனிதா தன் கடிகாரப்படி சரியா 0 மில்லிநொடியில கேள்வி அனுப்புறா. அது பாஸ்கர்கிட்ட வரும்போது பாஸ்கரோட கடிகாரம் 5,010 காட்டுது. அவன் 5,030ல பதில் போடுறான். பதில் அனிதாகிட்ட வரும்போது அவளோட கடிகாரம் 40 காட்டுது.

அனிதாவைப் பொறுத்தவரை மொத்தம் 40 மில்லிநொடி. அதுல 20 பாஸ்கர் கையில இருந்தது. மிச்சம் 20தான் போக வர ஆன பயணம். போக 10, வர 10ன்னு பிரிச்சா, கேள்வி பாஸ்கரை அடைஞ்சப்போ அனிதாவோட கடிகாரத்துல 10 இருந்திருக்கும். பாஸ்கர் காட்டினது 5,010. ஆக பாஸ்கர் சரியா 5 நொடி முன்னாடி ஓடுறான்.

இதுல ஒரு இடத்துல நம்பிக்கை வச்சோம், கவனிச்சீங்களா? போறதும் வர்றதும் சம அளவு நேரம் எடுக்கும்னு. போக 18, வர 2ன்னு இருந்திருந்தா? மொத்தம் அதே 20தான். ஆனா நம்ம விடை 8 மில்லிநொடி தப்பு. அந்தத் தப்பை இந்த எண்களை மட்டும் வச்சுக் கண்டுபிடிக்கவே முடியாது.

ஒயர் இல்லாத நெட்வொர்க்ல இந்த நம்பிக்கை அடிக்கடி உடையும். காரணம் ரேடியோ அலை இல்லை. அது ஒரு மைக்ரோநொடியில 300 மீட்டர் போயிடும். தாமதம் எல்லாம் புறப்படுறதுக்கு முன்னாடிதான். ஒரே அலைவரிசையில எல்லாரும் பேசணும். ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் பேசினா ரெண்டும் குழம்பிடும். அதனால ஒவ்வொரு கருவியும் முதல்ல காது கொடுத்துக் கேட்கும். யாராவது பேசிக்கிட்டு இருந்தா, கணிக்க முடியாத அளவு கொஞ்ச நேரம் காத்திருந்து மறுபடி முயற்சி பண்ணும். 'இப்போ மணி 10'ன்னு எழுதின பாக்கெட், வெளிய போறதுக்குள்ள பல மில்லிநொடி வரிசையில நின்னிருக்கும். ஒரு தடவை உடனே போகும், அடுத்த தடவை நிக்கும்.

சங்கு ஊதினா போதும்

2002ல கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தைச் சேர்ந்த ஜெரமி எல்சன், லூயிஸ் ஜிராட், டெபோரா எஸ்ட்ரின் மூணு பேரும் இதுக்கு ஒரு அழகான வழி சொன்னாங்க. பேரு ரெஃபரன்ஸ் பிராட்காஸ்ட் சின்க்ரனைசேஷன்.

புரியணும்னா வீட்ல பெரியவங்ககிட்ட கேளுங்க. நம்ம ஊர்கள்ல நகராட்சி ஆபீஸ்ல நேரத்துக்குச் சங்கு ஊதுவாங்க. இப்போ அந்த ஆபீஸ் ஊழியர் டீ குடிச்சிட்டு 2 நிமிஷம் லேட்டா ஊதுறார்னு வச்சுக்கோங்க. ஊர்ல ரெண்டு பேர் அந்தச் சத்தம் கேட்டதும் தங்கள் வாட்ச்ல என்ன காட்டுச்சுன்னு எழுதி வைக்கிறாங்க. ஒருத்தர் 9:02, இன்னொருத்தர் 9:07. அப்புறம் பேசிக்கும்போது தெரியும்: நம்ம ரெண்டு பேருக்கும் 5 நிமிஷ வித்தியாசம். சங்கு எத்தனை மணிக்கு ஊதினாங்கங்கறதே இங்க தேவைப்படலை. ஊதினவர் செஞ்ச தாமதம் ரெண்டு பேருக்கும் பொதுவானது. கழிக்கும்போது அடிபட்டுப் போச்சு.

ரேடியோவிலும் அதேதான். ஒரு கருவி ஒரு பாக்கெட்டை ஒலிபரப்புது. அதுக்குள்ள நேரம்கூட இருக்க வேண்டியதில்லை. கேட்ட எல்லாரும் அது எப்போ வந்ததுன்னு தங்கள் கடிகாரப்படி குறிச்சு, ஒருத்தருக்கொருத்தர் ஒப்பிட்டுக்கிறாங்க. அனுப்பினவர் வரிசையில நின்ன நேரம் கணக்குல இருந்தே காணாமப் போயிடுது. யாரும் தன் கடிகாரத்தைத் தொடலை. வித்தியாசத்தை மட்டும் ஒரு அட்டவணையில எழுதிக்கிட்டாங்க.

குறை என்ன? ஒவ்வொரு சங்குக்கும் கேட்டவங்க எல்லாரும் தங்களுக்குள்ள பேசிக்கணும். பேட்டரியில ஓடுற சென்சாருக்கு ரேடியோவை ஆன் பண்றதுதான் பெரிய செலவு. ஆள் கூடக் கூட பேச்சும் கூடும்.

2004ல வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்காரங்க வேற வழியில போனாங்க. எஃப்டிஎஸ்பின்னு பேரு. வரிசையில நிக்கிறதுதான் பிரச்சினைன்னா, வரிசையெல்லாம் முடிஞ்சு பாக்கெட் ரேடியோவில வெளிய போய்க்கிட்டு இருக்கும்போதே, கடைசி நிமிஷத்துல அதுக்குள்ள நேரத்தை எழுதினா என்ன? கடிதத்தை வீட்ல எழுதி தேதி போடாம, ரயில் நகரும்போது முத்திரை குத்துற மாதிரி. காத்திருந்த நேரம் கணக்குக்குள்ளயே வராது. ஒரு தலைமை நோட்டோட நேரம் இப்படி அக்கம்பக்கத்துக்குப் போய், அங்கிருந்து அடுத்தவங்களுக்குப் போய், நெட்வொர்க் முழுக்கப் பரவும்.

ரெண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். ஒவ்வொரு நோட்டும் 'என் கடிகாரத்துல இது, தலைமைக் கடிகாரத்துல அது'ன்னு ஜோடி ஜோடியா சேர்த்து வைக்கும். கடைசியா வந்த சில ஜோடிகளை எடுத்து, அதுக்கு நடுவுல ஒரு நேர்கோடு வரையும். ஸ்கூல்ல படிச்ச அதே நேர்கோட்டுச் சமன்பாடுதான். கோடு எங்க ஆரம்பிக்குதுங்கறது ஆஃப்செட். கோட்டோட சாய்வு டிரிஃப்ட். இப்போ அடுத்த மெசேஜ் வராட்டியும் பரவாயில்லை. கோட்டை நீட்டிப் பார்த்தா தலைமைக் கடிகாரம் இப்போ என்ன காட்டும்னு சொல்லிடலாம். 60 நோட் வச்சு அவங்க சோதிச்சப்போ, ஒரு தாவலுக்கு சராசரியா ஒரு மைக்ரோநொடி அளவுதான் பிழை வந்தது. இங்கயும் பாருங்க: சொந்தக் கடிகாரம் தன் பாட்டுக்குத் தப்பா ஓடிக்கிட்டே இருக்கு. மேல ஒரு மொழிபெயர்ப்பு மட்டும் வச்சிருக்காங்க.

ரெவென்டடோர் எரிமலையில் 19 நாள்

ஆய்வகத்துல எல்லாம் நல்லாத்தான் இருக்கும். வெளிய போனா?

தென் அமெரிக்காவின் ஈக்வடார் நாட்டில் ரெவென்டடோர்னு ஒரு எரிமலை. 2002ல பெரிசா வெடிச்சது. 2005 ஆகஸ்ட்ல ஹார்வர்டைச் சேர்ந்த மேட் வெல்ஷ், ஜெஃப்ரி வெர்னர்-ஆலன் ஆகியோரும், எரிமலை ஆய்வாளர்களும் சேர்ந்து அதோட சரிவில் 16 சென்சார் நோட்களை வச்சாங்க. சுமார் 3 கிலோமீட்டர் நீளத்துக்கு வரிசையா. நில அதிர்வையும், காற்றில் வர்ற ஒலி அலையையும் ஒவ்வொரு நோட்டும் நொடிக்கு 100 முறை அளந்தது. 19 நாள் ஓடினதுல 229 நிகழ்வுகள் பதிவாச்சு: நிலநடுக்கம், வெடிப்பு, இந்த மாதிரி.

இங்க நேரம் ஏன் உயிர் மாதிரி? ஒரு அதிர்வு மலைக்குள்ள எங்க பிறந்ததுன்னு தெரியணும்னா, அது எந்த நோட்டுக்கு முதல்ல வந்தது, எதுக்கு எவ்வளவு பின்னாடி வந்ததுன்னு ஒப்பிடணும். பாறைக்குள்ள அலை நொடிக்கு 3 கிலோமீட்டர் போகுதுன்னு வச்சுக்கிட்டா, 10 மில்லிநொடி தப்புக்கு 30 மீட்டர் தப்பு. ஒரு நொடி தப்புன்னா 3 கிலோமீட்டர்; நெட்வொர்க்கோட மொத்த நீளமே அவ்வளவுதான். நேரம் தப்பா இருந்தா அந்தத் தரவு ஒரு கிறுக்கல் படம், அவ்வளவுதான்.

எல்லா நோட்டுக்கும் ஜிபிஎஸ் வைக்கலாமே? அதுக்கு மின்சாரம் வேணும், வானம் தெரியணும், செலவும் ஆகும். அதனால ஒரு நோட்ல மட்டும் ஜிபிஎஸ். மத்ததுக்கெல்லாம் எஃப்டிஎஸ்பி மூலமா அந்த நேரம் பரவணும்.

மலையில ஓடினப்போ எஃப்டிஎஸ்பி நிலையா இருக்கலை. சில நோட்கள் சொன்ன பொது நேரம் சம்பந்தமே இல்லாம தாவிச்சு. காரணத்தைப் பிறகு தோண்டிப் பார்த்தாங்க. நோட்கள்ல ஓடின டைனிஓஎஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தோட கிளாக் டிரைவர்ல ஒரு பக். எப்போதாவது ஒரு தடவை நோட் தன்னோட சொந்த நேரத்தையே தப்பாப் படிச்சிடும். அது மட்டும்னா ஒரு நோட்டோட போயிருக்கும். ஆனா எஃப்டிஎஸ்பி வர்ற நேர மெசேஜ் நம்பத்தக்கதான்னு சோதிக்கிறதில்லை. ஒரு நோட் சொன்ன பொய்யை அடுத்த நோட் நம்பி, தன் நேர்கோட்டுக்குள்ள சேர்த்துக்கும். ஊர்ல ஒரு வதந்தி பரவுற மாதிரிதான். சொல்றவனுக்குத் தான் பொய் சொல்றோம்னே தெரியாது.

மலையேறி வச்ச கருவிகள், 19 நாள், 229 நிகழ்வு. எல்லாம் வீணா?

இல்லை. காரணம் ஒரு சின்ன முடிவு. ஒவ்வொரு தரவுத் துண்டோடயும் நோட்டோட சொந்தக் கடிகார நேரமும் சேர்த்து எழுதப்பட்டிருந்தது. அதோட, ஒவ்வொரு நோட்டும் அவ்வப்போது 'நான் உயிரோட இருக்கேன்'னு ஒரு நிலைத் தகவல் அனுப்பும். அதுல சொந்த நேரம், பொது நேரம் ரெண்டும் ஜோடியா இருக்கும். அந்த ஜோடிகளை அடிவாரத்து லேப்டாப் சேமிச்சு வச்சிருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு, உட்கார்ந்து கணக்குப் போட்டாங்க. முதல்ல, பொது நேரம் அபத்தமா இருக்கிற ஜோடிகளைத் தூக்கிப் போட்டாங்க. அடிவாரத்து லேப்டாப்போட நேரம் அவ்வளவு துல்லியம் இல்லாட்டியும், பெரிய பொய்யைப் பிடிக்க அது போதும். மிச்சம் இருக்கிற நல்ல ஜோடிகளை வச்சு ஒவ்வொரு நோட்டுக்கும் துண்டு துண்டா நேர்கோடு வரைஞ்சாங்க. சொந்தக் கடிகாரம் தப்பா ஓடினாலும் சீரா ஓடியிருந்ததால, கோடு நல்லாப் பொருந்திச்சு. அந்தக் கோட்டை வச்சு எல்லாத் தரவோட நேரத்தையும் மறுபடி மொழிபெயர்த்தாங்க. பக்கத்துலயே வச்சிருந்த, ஜிபிஎஸ் கடிகாரம் உள்ள வழக்கமான பதிவுக் கருவியோட ஒப்பிட்டு, சரியா வந்திருக்கான்னும் பார்த்தாங்க. அந்த அனுபவத்தை 2006ல ஓஎஸ்டிஐ மாநாட்டுல மறைக்காம எழுதியிருக்காங்க. என்ன உடைஞ்சது, எப்படி ஒட்ட வச்சோம்னு ரெண்டும் அதுல இருக்கு.

இதையே மாத்தி யோசிச்சுப் பாருங்க. பொது நேரம் கிடைச்சதும் ஒவ்வொரு நோட்டும் தன் கடிகாரத்தை அதுக்குத் திருப்பி வச்சிருந்தா? பொய் நேரம் வந்ததும் கடிகாரமும் பொய்க்குப் போயிருக்கும். பழைய நேரம் என்னன்னு எங்கயும் இருந்திருக்காது. எந்தக் கணக்காலயும் மீட்டிருக்க முடியாது.

உங்க பாக்கெட்ல இருக்கிறதும் இதுதான்

இது ஏதோ ஆராய்ச்சிக்காரங்க விஷயம்னு நினைக்காதீங்க. ப்ளூடூத் விதிமுறையிலயே இது எழுதியிருக்கு. ஒவ்வொரு ப்ளூடூத் கருவிக்கும் ஒரு சொந்தக் கடிகாரம். 312.5 மைக்ரோநொடிக்கு ஒரு துடிப்பு. 28 பிட் எண். நிரம்பி மறுபடி பூஜ்யத்துக்கு வர சுமார் 23 மணி நேரம் ஆகும். இந்தக் கடிகாரத்தை யாரும் திருத்தக் கூடாது. ஒரு ஹெட்செட் உங்க போனோட சேர்ந்தா, போனோட கடிகாரத்துக்கும் தன்னோடதுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதி வச்சுக்கிட்டு, தேவைப்படும்போதெல்லாம் கூட்டிக்கும். போன்ல இருந்து பாக்கெட் வர வர அந்த வித்தியாசத்தைப் புதுப்பிச்சுக்கிட்டே இருக்கும். உங்க காதுல பாடகர் நடுவுலயே நிக்கிறதுக்கு அடித்தளம் இதுதான். அதுக்கு மேல ஒவ்வொரு கம்பெனியும் தங்கள் வித்தையைச் சேர்ப்பாங்க.

பேட்டரிக்கும் இதுக்கும் நேரடித் தொடர்பு இருக்கு. ஒரு சென்சார் 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை மட்டும் ரேடியோவை ஆன் பண்ணி, கொஞ்சம் பேசிட்டு மறுபடி தூங்கப் போகுதுன்னு வச்சுக்கோங்க. ரெண்டு பக்கமும் சேர்த்து 40 பிபிஎம் சந்தேகம்னா, 10 நிமிஷத்துல 24 மில்லிநொடி விலகியிருக்கலாம். முன்னாடியா பின்னாடியான்னு தெரியாததால, 24 மில்லிநொடி முன்னாடியே எழுந்து, 24 மில்லிநொடி பின்னாடி வரைக்கும் காத்திருக்கணும். பேசுறது 1 மில்லிநொடியா இருக்கலாம். காத்திருக்கிறதுக்கே பேட்டரி போயிடும். ப்ளூடூத் லோ எனர்ஜியிலயும் ரெண்டு பக்கத்து கடிகாரச் சந்தேகத்தையும் கூட்டி, கடைசியா சந்திச்சு எவ்வளவு நேரம் ஆச்சோ அதுக்கேத்த மாதிரிதான் காத்திருக்கிற ஜன்னலை அகலப்படுத்துறாங்க. டிரிஃப்ட்டைக் கணிக்கத் தெரிஞ்ச கருவி குறைவாக் காத்திருக்கும், அதிக நாள் உயிரோட இருக்கும்.

திருத்துறவங்களே இல்லையான்னு கேட்டா, இருக்காங்க. வைஃபை அப்படித்தான். ரவுட்டர் பொதுவா 102.4 மில்லிநொடிக்கு ஒரு தடவை ஒரு அறிவிப்பு அனுப்பும். அதுல மைக்ரோநொடிக் கணக்குல ஒரு எண் இருக்கும். இணைஞ்சிருக்கிற போனும் லேப்டாப்பும் தங்கள் வைஃபை கணக்கை அந்த எண்ணுக்கு மாத்திக்கும். அங்க அது போதும். எப்போ எழுந்திருக்கணும்னு தெரிஞ்சா சரி. நேத்து என்ன நடந்ததுன்னு யாரும் திரும்பிக் கேட்கப் போறதில்லை. பின்னாடி கேள்வி வரும்னு தெரிஞ்சா மட்டும் இந்த வழியில போகாதீங்க.

நீங்க ஏதாவது கட்டுறீங்கன்னா

காலேஜ் ப்ராஜெக்ட்ல இஎஸ்பி32 வச்சு நாலு சென்சார் இணைக்கிறவங்க, ஆபீஸ்ல ஐஓடி வேலை பார்க்கிறவங்க நிறைய பேர் கேட்கிறீங்க. உங்களுக்காக நாலு விஷயம்.

ஒண்ணு. ஒவ்வொரு அளவீட்டோடயும் கருவியோட சொந்தக் கவுன்ட்டரை அப்படியே எழுதி வைங்க. மணியா மாத்தினதை மட்டும் சேமிச்சு, மூலத்தைத் தூக்கிப் போடாதீங்க. 8 பைட்தான் ஆகும்.

ரெண்டு. கருவி ரீஸ்டார்ட் ஆனா கவுன்ட்டர் பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கும். அதனால எத்தனையாவது முறை ஆன் ஆச்சுங்கற எண்ணையும் கூடவே எழுதுங்க. இல்லாட்டி ரெண்டு வேற வேற நாள் ஒண்ணோட ஒண்ணு கலந்திடும்.

மூணு. சரியான நேரம் கிடைக்கும்போதெல்லாம், சொந்தக் கவுன்ட்டரையும் அந்த நேரத்தையும் ஜோடியா ஒரு தனி லாக்ல போடுங்க. பின்னாடி கோடு வரைய அதுதான் புள்ளி. வெயில்ல இருக்கிற கருவின்னா அடிக்கடி போடுங்க. சூடு ஏறி இறங்கும்போது கோடு வளையும்.

நாலு. யார் சொன்ன நேரத்தையும் சோதிக்காம நம்பாதீங்க. போன தடவை போட்ட கோட்டுல இருந்து ஒரேயடியா விலகி ஒரு புள்ளி வந்தா, கிரிஸ்டல் திடீர்னு அப்படி மாறாது. எங்கயோ பக்னு அர்த்தம். அதை லாக்ல எழுதுங்க, கோட்டுக்குள்ள சேர்க்காதீங்க. எரிமலையில இந்த ஒரு சோதனை இருந்திருந்தா வதந்தி பரவியிருக்காது.

இந்திய நேரம், 24 மணி நேரம், ஏஎம் பிஎம் எல்லாம் கடைசியா, மனுஷன் பார்க்கிற திரைக்கு வரும்போது மாத்திக்கலாம். அதுவரைக்கும் கருவி தன் பாட்டுக்கு எண்ணிக்கிட்டே இருக்கட்டும்.

இந்த எபிசோட் பிடிச்சிருந்தா, லாக்ல நேரம் குழம்பித் தலையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற ஒரு நண்பருக்கு அனுப்புங்க. உங்க ப்ராஜெக்ட்ல நேரத்தை எப்படிக் கையாளுறீங்கன்னு எழுதி அனுப்பினா, அடுத்த எபிசோட்ல பேசலாம்.